வைஃபை வராத மடிக்கணினியும் உள்ளே இருக்கும் சில்லும்

ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி முடித்ததும் திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் கேட்காமலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். வைஃபை மட்டும் வராது. மூலையில் இருக்க வேண்டிய சின்னமே இருக்காது, அல்லது சின்னம் இருந்தும் ஒரு வலையமைப்பின் பெயரைக்கூடக் காட்டாது. இந்த ஒரே காரணத்துக்காகப் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். அப்படிப்பட்ட கணினிகளை உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கும்: "வேறு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா?" உபுண்டு போய் ஃபெடோரா, ஃபெடோரா போய் மின்ட் என்று லினக்ஸ் வகைகளை மாற்றி மாற்றி நிறுவிக் களைத்துப்போய் வந்திருப்பார்கள்.

"உள்ளே இருக்கும் வைஃபை சில்லு எது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வைஃபை வருமா, எவ்வளவு பாடுபட்டால் வரும் என்பதில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில்லைச் செய்த நிறுவனம் அதைப் பற்றி வெளியில் எவ்வளவு சொல்லியிருக்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். எந்த லினக்ஸ் என்பது அதற்குப் பிறகு வரும் சின்னக் கேள்வி.

சில்லின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. மடிக்கணினிக்குள் பொருத்தப்பட்ட அட்டை என்றால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை, யூஎஸ்பியில் செருகும் சிறு கருவி என்றால் எல்எஸ்யூஎஸ்பி. முதல் கட்டளையோடு என்என் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்களும் வரும். முதலாவது நிறுவனத்தின் அடையாளம், இரண்டாவது அந்தச் சில்லின் அடையாளம். இன்டெல் நிறுவனத்தின் அடையாள எண் 8086. 1978இல் வெளிவந்து அந்த நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்த செயலியின் எண்ணும் அதுவே. கணினி தொடங்கும்போது லினக்ஸின் மையப் பகுதியான கருனி இந்த எண் சோடியைத்தான் தன்னிடம் உள்ள இயக்கிகளின், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களின், பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் இயக்கி ஏறும். பொருந்தாவிட்டால் அட்டை அங்கே இருந்தும் இல்லாததுதான். மடிக்கணினியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரும் மாடலும் கருனிக்குத் தெரியாது, தேவையும் இல்லை. உதவி தேடும்போதும் இந்த எண் சோடியைக் கொண்டு தேடுவதுதான் உருப்படியான வழி.

இயக்கி ஏறிய பிறகும் வைஃபை வராமல் இருக்கலாம். பலருக்குக் குழப்பம் தொடங்குவது இங்கேதான். வைஃபை அட்டைக்குள் வானொலி அலைகளை வாங்கி அனுப்பும் பகுதி மட்டுமல்லாமல் ஒரு சிறிய செயலியும் இருக்கிறது. அந்தச் செயலிக்கென்று தனியாக ஒரு நிரல் உண்டு, அதுதான் ஃபர்ம்வேர். பெரும்பாலான அட்டைகளில் அதை நிரந்தரமாகச் சேமித்து வைக்க இடம் கிடையாது. செலவைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் இயக்கி வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டும். இயக்கியின் மூலநிரல் முழுக்கத் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபர்ம்வேர் கோப்போ பெரும்பாலும் நிறுவனம் கொடுத்த, உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் படிக்க முடியாத வெறும் இருமக் கோப்பு. யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் இயங்கும் கணினி என்று நாம் சொல்லிக்கொள்ளும் கணினிக்குள் இந்த ஒரு மூடிய துண்டு உட்கார்ந்திருக்கிறது.

கோப்பு இல்லாவிட்டால் லினக்ஸ் அதை மறைப்பதில்லை. டிமெஸ்ஜி என்ற கட்டளை காட்டும் கருனிப் பதிவில் ஒரு வரி இருக்கும். இன்ன பெயருள்ள ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, கடைசியில் -2 என்று ஒரு பிழை எண்ணைப் போட்டிருக்கும். "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்பதுதான் அந்த -2. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பதிவில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கோப்பு வேண்டும் என்று அதன் பதிப்பு எண் உட்பட கணினியே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கோப்பு ஃபர்ம்வேர் கோப்புறையில் வந்து உட்கார்ந்து, இயக்கியை இறக்கி மறுபடி ஏற்றினால் அடுத்த நொடியே சுற்றியிருக்கும் வலையமைப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இத்தனை முறை பார்த்த பிறகும் அந்தப் பட்டியல் நிரம்புவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கோப்பைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்தக் கோப்பு வேண்டும். கம்பி வழி இணைப்பு இருந்தால் கவலை இல்லை. ஆனால் இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது. கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் போதும். யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வை இயக்கினால், லினக்ஸ் அந்தப் போனை ஒரு கம்பி வழி வலையமைப்பு அட்டையாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கான இயக்கி கருனியிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம். எத்தனையோ பேர் இது தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் இந்தச் சிக்கலை மிக நீண்ட காலம் அனுபவித்தார்கள். மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருள் ஆகாது என்பதால் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதைச் சேர்ப்பதில்லை என்று டெபியன் உறுதியாக இருந்தது. சேர்த்த வட்டு ஒன்றும் இருந்தது; ஆனால் அது அதிகாரபூர்வமற்றது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. 2022 அக்டோபரில் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் அடிப்படைக் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ வட்டில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12 அப்படி வந்த முதல் பதிப்பு. எதிர்த்தவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். மூடிய நிரலை நம் கையாலேயே நிறுவிக் கொடுத்தால் அதைத் திறக்கச் சொல்லும் குரல் மெலிந்துபோகும் என்பது உண்மையான அச்சம். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன். வைஃபை வராததால் முதல் நாளிலேயே கட்டற்ற மென்பொருளைக் கைவிட்டுப் போன ஒருவர், பிறகு எந்த ஃபர்ம்வேரையும் திறக்கச் சொல்லிக் குரல் கொடுக்கப்போவதில்லை. தவிர, அப்படிச் சேர்க்கப்படுவதைத் தனிப் பிரிவாக வைத்து, எது நிறுவப்படுகிறது என்று பயனருக்குச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவர் தவிர்க்க வழி இருக்க வேண்டும் என்றும் அதே முடிவில் எழுதி வைத்தார்கள். அது நேர்மையான ஏற்பாடு.

இன்றைக்கு நிறுவியதும் வைஃபை வந்துவிடும் கணினிகள்தான் அதிகம். அது தானாக வந்த நிலைமை அல்ல. வைஃபையின் 802.11பி தரம் வந்தது 1999இல். இன்டெல் தன் சென்ட்ரினோ வரிசையை 2003 மார்ச்சில் கொண்டுவந்தபோது வைஃபை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாகிவிட்டது. ஆனால் லினக்ஸுக்கு அப்போது இருந்த நிலைமை பரிதாபமானது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட இயக்கியை அப்படியே எடுத்து லினக்ஸ் கருனிக்குள் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருளை நம்பித்தான் பலர் காலம் தள்ளினார்கள். அது வேலை செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் யாரும் படிக்க முடியாத அந்நிய நிரல் கருனியின் நடுவில் ஓடும். அது விழுந்தால் கணினியே உறைந்துபோகும். 64 பிட் லினக்ஸுக்கு 64 பிட் விண்டோஸ் இயக்கி வேண்டும். அது கிடைப்பது அந்த நாளில் அரிது. எல்லாவற்றையும்விட, "எங்கள் அட்டை லினக்ஸில் ஓடுகிறதே" என்று நிறுவனங்கள் கை கழுவிக்கொள்ள அது ஒரு சாக்காகவும் ஆனது.

இந்தக் கதையில் என் மனம் எப்போதும் போய் நிற்பது பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு இயக்கி எழுதியவர்களிடம். அந்தச் சில்லுகள் ஏராளமான மடிக்கணினிகளில் இருந்தன. ஆவணம் ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஆர்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு நிறுவனத்தின் மூடிய இயக்கியைப் பிரித்துப் படித்து, சில்லின் எந்தப் பதிவகத்தில் (மதிப்புகளை வைக்கும் சிறு நினைவிடம்) எந்த மதிப்பை எழுதினால் என்ன நடக்கிறது என்பதைச் சாதாரண உரைநடையில் எழுதி வைத்தது. மற்றொரு குழு அந்தக் குறிப்புகளை மட்டும் படித்து, மூடிய இயக்கியை எட்டிக்கூடப் பார்க்காமல், புதிதாக நிரல் எழுதியது. எழுதியவர் கையில் மூல இயக்கியின் ஒரு வரியும் பட்டதில்லை என்று சொல்ல முடிந்தால்தான் பதிப்புரிமைச் சிக்கல் வராது. அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. எதைச் செய்கிறோம் என்ற விளக்கமே இல்லாத, மாயம்போல் தோன்றும் எண்களை வரிசையாக ஒரு சில்லுக்குள் எழுதி, வானொலி உயிர்பெறுகிறதா என்று பார்த்திருந்தவர்கள் அவர்கள். விடாக்கண்டர்கள். 2006 ஜூனில் வந்த 2.6.17 கருனியில் அந்த இயக்கி இடம்பெற்றது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கருனியில் பி43 என்ற பெயரில் அதன் அடுத்த வடிவம் வந்தது.

இயக்கி எழுதியாயிற்று, ஃபர்ம்வேருக்கு என்ன செய்வது? அதை மறுவிநியோகம் செய்ய அனுமதி இல்லை. ஆகவே பயனரே நிறுவனத்தின் மூடிய இயக்கியைப் பதிவிறக்கி, அதற்குள் புதைந்திருக்கும் ஃபர்ம்வேரை வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு சிறு கருவியையும் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் அனுமதி என்ற ஒற்றைக் காகிதம் இல்லாததால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. இந்த அனுமதியைக் கேட்டு நிறுவனங்களோடு வெளிப்படையாகப் போராடியவர் ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் தியோ டி ராட். வன்பொருள் ஆவணங்களுக்காகவும் ஃபர்ம்வேர் உரிமத்துக்காகவும் நடத்திய அந்த இயக்கத்தையும் கருத்தில் கொண்டே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவருக்கு 2004ஆம் ஆண்டுக்கான விருதை அளித்தது. அறக்கட்டளையும் அவரும் பல விஷயங்களில் ஒத்துப்போகாதவர்கள் என்பதால் அந்த விருதுக்கு என் கண்ணில் கூடுதல் மதிப்பு.

பிறகு நிலைமை மாறியது. ஒவ்வொரு இயக்கியும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்த பொதுவான வேலைகளை எடுத்துக்கொள்ளும் மேக்80211 என்ற அடுக்கு 2007 ஜூலையில் வந்த 2.6.22 கருனியில் சேர்ந்தது. ஏதெரோஸ் நிறுவனம் 2008இல் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. ஏத்9கே என்ற அந்த இயக்கி கணினிக்குள் பொருத்தும் பிசிஐ அட்டைகளுக்கு எந்த ஃபர்ம்வேர் கோப்பும் கேட்காது. மூடிய துண்டு ஒன்றும் இல்லாமல் வைஃபை வேண்டுபவர்கள் இன்றும் அந்தப் பழைய 802.11என் அட்டைகளைத் தேடி அலைவது இதனால்தான். 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் அப்போதைய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. ஆவணமில்லாமல் எழுதிக் காட்டிய அந்த ஆர்வலர்கள் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இயக்கியும் ஏறி, ஃபர்ம்வேரும் ஏறி, அப்போதும் வராவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது வானொலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை. அக்காவின் மகன் ஒருமுறை தன் மடிக்கணினியோடு வந்தான். "மாமா, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் வைஃபையை இயக்கு என்றால் இயங்க மாட்டேன் என்கிறது." ஆர்எஃப்கில் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். அது ஒவ்வொரு வானொலிக்கும் இரண்டு வரிகள் காட்டும்: மென்பொருளால் தடையா, வன்பொருளால் தடையா என்று. மென்பொருள் தடை என்றால் அதே கட்டளையால் நீக்கிவிடலாம். விமானப் பயன்முறையை அணைக்க மறந்திருந்தாலும் இப்படி வரும். கணினியை மறுபடி தொடங்கினாலும் அந்த நிலை நினைவில் இருக்கும். ஆனால் அவனுடைய கணினி காட்டியது வன்பொருள் தடை. அதை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது. கணினியின் ஓரத்தில் ஒரு சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். முன்பக்க விளிம்பின் அடியில், அதே கறுப்பு நிறத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில் ஒன்று இருந்தது. தள்ளினான், வந்துவிட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. சுவிட்சே இல்லாத சில மாடல்களில், இல்லாத சுவிட்ச் அணைந்திருப்பதாகக் கணினி சொல்லும். அந்த மாடலுக்கென்று கருனியில் இருக்கும் கூறு (தேவைப்படும்போது ஏற்றும் நிரல் துண்டு) தப்பான தகவலைப் படித்துக்கொண்டிருக்கும்; அந்தக் கூறை ஏற்றாமல் தடுத்துவைத்தால் தடை விலகிவிடும். பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளில் வானொலியை அணைக்கும் சமிக்ஞை 20ஆம் ஊசியில் வருகிறது. சுவிட்ச் கெட்டுப்போன கணினிகளில் அந்த ஒரு ஊசியின் மேல் மெல்லிய ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி மறைத்து அட்டையைத் திரும்பச் செருகுவார்கள். நகக்கண்ணில் பாதிகூட இல்லாத துண்டு. பக்கத்து ஊசியைத் தொடாமல் ஒட்டச் சாமணம் வேண்டும். முறையான வைத்தியம் அல்ல என்றாலும், நடக்கிற வைத்தியம்.

யூஎஸ்பி கருவிகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒரே மாடல் பெயரில் விற்கும் கருவியின் முதல் பதிப்புக்குள் ஒரு சில்லு, மூன்றாம் பதிப்புக்குள் முற்றிலும் வேறு நிறுவனத்தின் சில்லு. பெட்டியின் படமும் பெயரும் மாறாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் மட்டும் மாறும். லினக்ஸில் நன்றாக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னதை நம்பி வாங்கியவர் கையில் ஓடாத கருவி வந்து சேர்கிறது. இன்னும் சில கருவிகள் செருகியதும் தம்மை ஒரு குறுந்தட்டு இயக்ககமாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் இயக்கியை உள்ளேயே வைத்துத் தருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதை வைஃபை கருவியாக மாறச் சொல்லும்வரை நம் கண்ணுக்கு அது வெறும் தட்டுதான்.

கருனியில் இயக்கி இல்லாத சில்லு என்றால் வெளியிலிருந்து மூலநிரலை எடுத்து, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு நாமே தொகுக்க வேண்டும். இன்றைக்கு ஓடும். அடுத்த கருனி மேம்படுத்தலில் உள்ளே ஏதோ ஒரு செயற்கூறின் வடிவம் மாறியிருக்கும், தொகுக்கவே மறுக்கும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு மேம்படுத்தலிலும் தானாக மறுதொகுப்பு செய்து பார்க்கும்; ஆனால் மூலநிரலே பழசாகிப்போனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு தடை: கையொப்பமில்லாத கூறுகளைக் கருனி ஏற்காது. நாமே ஒரு சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் கடவுச்சொல்லைக் கொடுத்து அதைப் பதிய வேண்டும். பழகியவருக்குச் சில நிமிட வேலை. முதன்முறை லினக்ஸ் பக்கம் வந்தவருக்கு அந்த நீலத் திரையே போதும், பயந்து ஓடிவிடுவார். இந்த வகைக் கருவியை வாங்க வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

இணைந்தும் தகராறு செய்யும் வகைகள் தனி. வேகம் திடீரென்று விழுந்து எழுந்தால் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். பல அட்டைகள் அதில்தான் தடுமாறுகின்றன. பக்கத்தில் இருக்கும் கணினிகளுக்குத் தெரியும் வலையமைப்பு உங்கள் கணினிக்கு மட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் அலைவரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான், வேறு பல நாடுகளில் 13 வரை. எந்த நாடு என்று தெரியாதபோது லினக்ஸ் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும். நாட்டின் குறியீட்டைச் சொல்லிவிட்டால் சரியாகும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸிலிருந்து வந்த நாட்களில் மட்டும் வைஃபை வரவில்லை என்றால் விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அந்த வசதி இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அட்டையை அரைகுறை நிலையில் விட்டுவிட்டுப் போகிறது.

அட்டையையே மாற்றுவதும் ஒரு வழி. எம்.2 துளையில் செருகிய அட்டை என்றால் ஒரு திருகும் இரண்டு மெல்லிய ஆண்டெனாக் கம்பிகளும்தான். ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். சில மடிக்கணினிகள் தம் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். பயனர் காசு கொடுத்து வாங்கிய கணினியில் இப்படி ஒரு பூட்டைப் போட யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். இன்டெல்லின் சிஎன்விஐ வகை அட்டைகள் அதற்கென்று அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே ஓடும். பார்வைக்கு மற்ற அட்டைகளைப் போலவே இருப்பதால் ஏமாறுவது சுலபம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே புதிதாகவோ பழையதாகவோ மடிக்கணினி வாங்கப் போகிறவர்களிடம் ஒரு நேரடி யூஎஸ்பி கோலைக் கொடுத்தனுப்புகிறேன். விற்பவரிடம் அனுமதி கேட்டு, அதைச் செருகி, நிறுவாமலேயே லினக்ஸைத் தொடங்கிப் பார்த்தால் போதும். வலையமைப்புகளின் பட்டியல் வருகிறதா, ஒன்றில் இணைய முடிகிறதா, மூடியை மூடித் திறந்த பிறகும் இணைப்பு திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். உறங்கி எழுந்த பிறகு வைஃபை வராத கணினிகள் உண்டு என்பதால் அந்த மூன்றாவதை யாரும் தவறவிடக் கூடாது. வரவில்லை என்றால் எல்எஸ்பிசிஐ காட்டும் அந்த ஒரு வரியைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்வேன்; வாங்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.